நெருப்பு வரும்வரை சும்மா இருக்கும் பெயிண்ட் – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மரம், பிளைவுட், இரும்புத் தூண் இவற்றுக்கு அடிக்கும் தீத்தடுப்புப் பூச்சுகளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அதில் "இயற்கைப் பொருளில் செய்தது என்பதாலேயே ஒரு பூச்சு சூழலுக்கு நல்லதாகிவிடாது" என்று போகிற போக்கில் ஒரு வரி. வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தவை. சரி, பேசிவிடுவோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கே: "தீப்பிடிக்காத பெயிண்ட்" என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அடித்துவிட்டால் மரக் கதவு எரியவே எரியாதா? (வீட்டைப் புதுப்பிக்கும் வாசகர்)

எரியும். டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் எரியும். பூச்சினால் கிடைப்பது அவகாசம் மட்டும்தான்: தூங்குகிறவர் விழித்துக்கொள்ள, குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓட, தீயணைப்பு வண்டி வந்து சேர.

மரத்தில் எரிவது பெரும்பாலும் மரமில்லை, அதிலிருந்து வரும் வாயு. 250, 300 டிகிரி செல்சியஸ் வாக்கில் மரம் சிதைந்து வாயுவை விடும், அது பற்றிக்கொள்ளும், மிச்சம் கரி. அந்தக் கரியே உள்ளே இருக்கும் மரத்துக்குப் போர்வை. அதனால்தான் தடித்த உத்தரம் நிதானமாகக் கருகுகிறது, ஐரோப்பிய வடிவமைப்பு விதிகளில் ஊசியிலை மரங்களுக்கு நிமிடத்துக்கு 0.65 மி.மீ. என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அரை மணி நேரத்துக்கு 20 மி.மீ. போகும். உத்தரத்துக்கு அது பரவாயில்லை, 6 மி.மீ. பிளைவுட்டுக்கு? அதற்குத்தான் பூச்சு.

இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் விற்கிறவர்களே இதைக் குழப்பியடிக்கிறார்கள். ஒரு பொருள் தீயைப் பரப்பாமல் இருப்பது வேறு, தீயின் நடுவே இத்தனை நிமிடம் விழாமல் நிற்பது வேறு. சுவரில் ஒட்டிய பலகைக்கு முதலாவது முக்கியம், இரும்புத் தூணுக்கு இரண்டாவது. இரும்பு எரியாதே, அதற்கெதற்குப் பூச்சு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். உருகுவதற்கு 1500 டிகிரி வரை போகவேண்டும் என்பது உண்மை, ஆனால் 550, 600 டிகிரியிலேயே அதன் வலு கிட்டத்தட்டப் பாதியாகிவிடும், தூண் வளைய அது போதும். ஆகவே டப்பாவை வாங்கும்போது "எந்தச் சோதனை, எந்தப் பொருள்மேல் அடித்து, எவ்வளவு தடிமனில்" என்ற மூன்றையும் கேளுங்கள். இரும்புக்குச் சோதித்த பூச்சை மரத்தில் அடித்து வைத்தால் அந்தச் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

கே: இந்தப் பூச்சு சூடானால் உப்பும் என்கிறீர்கள். அது எப்படி உப்புகிறது? (பிளஸ் டூ மாணவி)

சின்ன வயதில் பாம்பு மாத்திரை கொளுத்தியிருப்பீர்கள் இல்லையா, மிளகு அளவு மாத்திரையிலிருந்து முழ நீளத்துக்குக் கறுப்புப் பாம்பு வருமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான்.

கண்ணால் பார்த்தால் இப்படி இருக்கும். ஒரு சாண் அகல இரும்புத் தகடு, அதில் ஒரு மி.மீ. தடிமனுக்கு வெள்ளைப் பூச்சு. ப்ளோ டார்ச்சைக் கொண்டுபோய்ப் பிடித்தால் முதல் சில நொடி ஒன்றும் நடக்காது, பார்க்க வந்தவர்கள் முகத்தில் சந்தேகம் தெரியும். அப்புறம் மேற்பரப்பு பளபளக்கும், பழுப்பேறி இளகும், ஓரத்தில் கொப்புளம் கிளம்பும். சட்டென்று நடுவில் கறுப்பு நுரை பொங்கி எழும், பொங்கியது நின்று இறுகும், சுடர் படும் மேல்பக்கம் கரி எரிந்து சாம்பல் வெள்ளையாக மாறும். ஆறினபின் விரலால் அழுத்தினால் பழைய தெர்மோகோல் மாதிரி பொடிப்பொடியாக உதிரும். ஒரு மி.மீ. இருந்தது இப்போது இரண்டு மூன்று செ.மீ. இருக்கும். அதற்குள் அடைபட்டிருக்கும் காற்றுக் குமிழிகள்தான் வெப்பத்தைத் தகட்டுக்குப் போகவிடாமல் தடுக்கின்றன.

உள்ளே மூன்று பேர் வேலை செய்கிறார்கள். அம்மோனியம் பாலிபாஸ்பேட் சூட்டில் பாஸ்பாரிக் அமிலத்தை விடும். அந்த அமிலம் பென்டாஎரித்ரிட்டால் என்கிற கார்பன் நிறைந்த பொருளின் நீரைப் பிடுங்கிக் கரியாக்கும். மெலமின் சிதைந்து வாயு விடும், வாயு அந்தக் கரிப் பிசினை ஊதிப் பெரிதாக்கும். கூடவே ஒரு பிசின், கொஞ்சம் டைட்டானியம் டை ஆக்சைடு. இதில் நேரம்தான் எல்லாம். வாயு முந்திக்கொண்டால் வீணாகப் பறந்துவிடும், பிந்தினால் கரி கட்டியாகி வெடிப்பு விட்டுவிடும். கூழ் பதத்தில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஊதியாக வேண்டும். ஒரு பொருளை எடுத்துவிட்டு "பசுமையான" ஒன்றைப் போடும்போது இந்த வரிசைதான் முதலில் கெடும். ஸ்டார்ச் போட்டால் கார்பன் கிடைக்கிறது, ஆனால் அது இளகும் வேளையும் கருகும் வேளையும் வேறு. அதைச் சரிக்கட்டவே மாதக்கணக்கில் போய்விடும்.

கே: அந்தக் காலத்தில் படிகாரமும் வெங்காரமும் கரைத்து அடித்தார்களே, அதற்கே திரும்பிவிடலாமே?

அடித்தார்கள்தான். 1735-இலேயே ஒபதையா வைல்ட் என்பவர் படிகாரம், வெங்காரம், இரும்பு சல்பேட் கலவைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார். 1821-இல் பிரெஞ்சு வேதியியலாளர் கே-லுசாக் அம்மோனியம் பாஸ்பேட், நவச்சாரம், வெங்காரம் இவற்றால் துணி எரிவதைத் தடுக்கலாம் என்று காட்டினார், நாடக அரங்குத் திரைகள் அடிக்கடி பற்றி எரிந்த காலம் அது. இன்றைய பாஸ்பரஸ் பூச்சுகளெல்லாம் அவருடைய பேரப்பிள்ளைகள் என்று சொல்லலாம்.

ஆனால் இந்த உப்புகள் தண்ணீரில் கரையும். ஈரத்துணியால் நாலு முறை துடைத்தால் பாதி போய்விடும். அது போக, வெங்காரத்தின் நெருங்கிய உறவான போரிக் அமிலம் இனப்பெருக்கத்துக்குக் கெடுதல் செய்யக்கூடியது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் கவலைக்குரிய பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. பழசு என்பதற்காகச் சாது என்று நினைத்துவிடக் கூடாது.

கே: புரோமின் கலந்தவற்றை ஏன் ஒதுக்குகிறார்கள்? நன்றாகத்தானே வேலை செய்தன? (பெயிண்ட் தொழிலில் இருந்து ஓய்வு பெற்றவர்)

ஐயா, அதுதான் கஷ்டமே, பிரமாதமாக வேலை செய்தன. சுடருக்குள்ளேயே போய் எரிதலைத் தொடர்ந்து நடத்தும் துடிப்பான துணுக்குகளைப் பிடித்து அமுக்கிவிடும், கொஞ்சம் போட்டாலே போதும். ஆனால் பல வகைகள் பொருளோடு வேதிப் பிணைப்பு இல்லாமல் சும்மா கலந்திருப்பவை, வருஷக்கணக்கில் மெல்ல மெல்லக் கசிந்து வீட்டுத் தூசியில் சேரும், அங்கிருந்து உடம்புக்கு வரும், கொழுப்பில் தங்கும், சீக்கிரம் சிதையாது. இப்படிச் சிதையாமல் தங்கும் நச்சுப் பொருள்களை ஒழிப்பதற்கான பன்னாட்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒவ்வொன்றாகப் பட்டியலுக்கு வந்தன. பாலிஸ்டைரின் வெப்பக்காப்புப் பலகைகளில் போட்ட ஹெக்ஸாபுரோமோசைக்ளோடோடெக்கேன் 2013-இல், டெக்காபுரோமோடைஃபீனைல் ஈதர் 2017-இல். இவற்றோடு துணைக்குச் சேர்க்கும் ஆன்டிமனி டிரையாக்சைடும் நல்ல பிள்ளை இல்லை, அது சேர்ந்த மூவிணைதிற ஆன்டிமனி வகையை, மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் தரும் என்ற பிரிவில் உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது.

மாற்றாக வந்தவை சுத்தம் என்று சொல்லிவிடவும் முடியாது. மேலே சொன்ன மெலமினையே 2023 ஜனவரியில் ஐரோப்பியப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், உப்பும் பூச்சு செய்கிறவர்களில் பலர் அன்று தலையில் கை வைத்திருப்பார்கள்.

கே: நான் கைட்டோசானும் ஃபைட்டிக் அமிலமும் வைத்து மரத்துக்குப் பூச்சு செய்து ஆராய்ச்சி செய்கிறேன். நீங்கள் இயற்கைப் பூச்சுகளை மட்டம் தட்டியது வருத்தமாக இருந்தது. (முனைவர் பட்ட மாணவி)

மட்டம் தட்டவில்லை அம்மா, உங்கள் ஜோடி எனக்கும் பிடித்த ஜோடிதான். ஃபைட்டிக் அமிலம் விதைகளிலும் தவிட்டிலும் இருப்பது, ஒரு மூலக்கூறில் ஆறு பாஸ்பேட் தொகுதி, எடையில் 28 சதவீதம் பாஸ்பரஸ். அம்மோனியம் பாலிபாஸ்பேட்டில் 32 வாக்கில் இருக்கும், அதற்கு ரொம்பப் பின்தங்கிவிடவில்லை. கைட்டோசான் இறால், நண்டு ஓட்டிலிருந்து வருவது, கார்பனும் நைட்ரஜனும் அதில் உண்டு. ஒன்று எதிர்மின், மற்றது நேர்மின், கலந்தால் தாமே ஒட்டிக்கொள்ளும். 2013-இல் இத்தாலியின் தூரின் பாலிடெக்னிக் ஆய்வாளர்கள் ஹெர்ரிங் மீனின் விந்திலிருந்து எடுத்த டிஎன்ஏ-வைப் பருத்தித் துணியில் பூசி எரியாமல் நிறுத்திக் காட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், பாஸ்பேட், சர்க்கரை, நைட்ரஜன் காரங்கள், அதாவது அமிலம், கரி, வாயு மூன்றும் ஒரே மூலக்கூறில். இதையெல்லாம் படிக்கும்போது எனக்கும் உற்சாகமாகத்தான் இருக்கிறது.

ஆனால் இந்தத் துறைக் கட்டுரைகளில் பலவற்றில் ஒரு பழக்கம்: பூசு, காய வை, மறுநாள் எரி, வரைபடம் போடு, முடிந்தது. கட்டடத்தில் அந்தப் பூச்சு பத்து வருஷம், இருபது வருஷம் சும்மா உட்கார்ந்திருக்கவேண்டும். வெயில், ஈரம், துடைப்பம், பூஞ்சை எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒருநாள் வரும் நெருப்புக்கு எழுந்து வேலை செய்யவேண்டும். நானே ஒருமுறை ஸ்டார்ச் கலந்து செய்த பூச்சைப் பலகையில் அடித்து வைத்தேன். எரித்துப் பார்த்த அன்று அருமை. மிச்சப் பலகையை ஜன்னல் ஓரம் வைத்து மறந்துவிட்டேன், மழைக்காலம் முடிந்து பார்த்தால் பச்சையும் கறுப்புமாகப் புள்ளி புள்ளியாகப் பூசணம், ஒரு மூலையில் ஏதோ பூச்சி தின்றுவிட்டிருந்தது. பூச்சிக்குப் பிடித்திருந்தால் அது இயற்கைதான், சந்தேகமில்லை. அதைத் தடுக்கப் பூசணக்கொல்லி சேர்த்தால் "பச்சை" என்ற பேர் அங்கேயே ஆட்டம் காணுகிறது.

அப்புறம் ஃபைட்டிக் அமிலத்தின் குணமே அமிலம்தான். மரத்தில் நேராக ஊறவிட்டால் நாளாவட்டத்தில் மரத்தின் வலுவையே அரிக்கக்கூடும், ஆணி, திருகு துருப்பிடிக்கும். காரம் சேர்த்துச் சமன் செய்தால் கரி உண்டாவது குறையும். இந்த இழுபறியைத்தான் உங்கள் ஆய்வு பேசவேண்டும் என்பது என் ஆசை. அடுக்கடுக்காக முக்கியெடுத்து இருபது, முப்பது அடுக்கு ஏற்றும் முறை துணிக்குச் சரி, எட்டடிப் பலகையை யார் முப்பது முறை முக்குவது? ஒரே தடவையில் ரோலரால் அடிக்கும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். எரிப்பதற்கு முன் பலகையைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவைத்துத் திரும்ப ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் எவ்வளவு பாஸ்பரஸ் வந்தது என்று அளந்து போடுங்கள். கரைந்துபோன பாஸ்பரஸ் எங்கோ ஒரு குளத்தில் பாசி வளர்க்கும், நெருப்புக்கும் உதவாது. மரத்திலும் பட்டையிலும் கிடைக்கும் லிக்னின், டானின் பக்கமும் போய்ப் பாருங்கள், தண்ணீருக்கு அவ்வளவு பயப்படாது, கரியும் தாராளம். ஒரே சங்கடம், நிறம். அவற்றை வைத்து வெள்ளைச் சுவர் கேட்கிறவரைத் திருப்திப்படுத்த முடியாது, பழுப்புதான் வரும்.

கே: தீத்தடுப்புப் பூச்சு அடித்த கூரை மரச்சட்டங்களில் ஆறே மாதத்தில் வெள்ளை வெள்ளையாகப் பொடி பூத்துவிட்டது. வீட்டுக்காரர் என்னைத் திட்டுகிறார். என் தப்பா? (பெயிண்டர்)

உங்கள் தப்பாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தப் பொடி பெரும்பாலும் உள்ளிருக்கும் பாஸ்பேட் உப்புதான். காற்றின் ஈரத்தை இழுத்துக் கரைந்து, மேலே வந்து, காய்ந்து உப்புப் பூத்திருக்கிறது. நீளமான சங்கிலி கொண்ட அம்மோனியம் பாலிபாஸ்பேட் குறைவாகக் கரையும், அதன் துகள்களைச் சிலிகா போன்ற மெல்லிய உறையில் மூடிவைத்தால் இன்னும் நல்லது. மலிவான சரக்கில் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

உங்கள் பக்கம் பார்க்கவேண்டியது: மரம் ஈரமாக இருந்ததா, சட்டத்தின் வெட்டுமுனைகளை அடைத்தீர்களா (ஈரம் அங்கேதான் உள்ளே நுழையும்), கம்பெனி சொன்ன மேல்பூச்சைத்தான் அடித்தீர்களா. பளபளப்புக்காகக் கையில் இருந்த வார்னிஷை மேலே கெட்டியாக ஏற்றிவிடாதீர்கள், ஈரத்தைத் தடுக்கும், கூடவே தானும் எரியும், அடியில் உப்ப முயலும் பூச்சை அமுக்கியும் பிடிக்கும். அப்புறம் தடிமன். ஈரமாக இருக்கும்போதே சீப்பு அளவியால் (பூச்சில் குத்திப் பார்க்கும் பல்வைத்த தகடு) அங்கங்கே அளந்து எழுதி வையுங்கள். கனஅளவில் 70 சதவீதம் திடப்பொருள் உள்ள பூச்சை ஈரத்தில் 1000 மைக்ரான் அடித்தால் காய்ந்தபின் 700தான் மிஞ்சும். அடுத்த முறை யாராவது திட்டினால் அந்தக் காகிதத்தை நீட்டலாம்.

கே: வெளிமுகப்பில் அலுமினியக் கூட்டுத் தகடு ஒட்டியிருக்கிறோம். அதன்மேல் தீத்தடுப்புப் பூச்சு அடித்துவிட்டால் பாதுகாப்புதானே?

இல்லை. 2017 ஜூன் 14 அன்று லண்டன் கிரென்ஃபெல் டவரில் 72 பேர் உயிரைக் குடித்த தீ வேகமாகப் பரவியதற்கு முக்கியக் காரணம் இதே மாதிரித் தகடுகளுக்குள் இருந்த பாலிஎத்திலின் பிளாஸ்டிக் நடுப்பகுதி. அந்த நடுப்பகுதி தகட்டின் ஓரங்களில்தான் வெளியே தெரிகிறது, முன்பக்கத்தில் என்ன அடித்தாலும் அதை மூடாது. நடுவில் என்ன இருக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாலிஎத்திலின் என்றால் கழற்ற ஆள் பாருங்கள், பெயிண்டரைக் கூப்பிடாதீர்கள்.

கே: இவ்வளவு தலைவலி எதற்கு, சுண்ணாம்பும் களிமண்ணும் பூசினால் ஆகாதா? (தொல்லை தாங்காத ஒருவர்)

உங்கள் கையைக் கொடுங்கள். பல இடங்களில் ஆகும்! எடையைத் தாங்க முடிகிற இடம், மரத்தின் ரேகை தெரியவேண்டும் என்ற ஆசை இல்லாத இடம் என்றால் என் முதல் யோசனை காரைப் பூச்சுதான், பெயிண்ட் இல்லை. ஜிப்சத்தின் எடையில் 21 சதவீதம் தண்ணீர் படிகத்துக்குள் பூட்டிக் கிடக்கிறது. சூடு ஏறும்போது அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே வெப்பத்தின் பெரும்பங்கு செலவாகும், அதுவரை பின்பக்கம் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே தயங்கி நிற்கும். எரியும் வாயு விடாது, நச்சுப் புகை கிடையாது, இடித்தால் அரைத்துத் திரும்பச் செய்யலாம். வெர்மிகுலைட் என்கிற லேசான கனிமம் கலந்தால் எடையும் குறையும். பெயிண்ட்டுக்குள்ளேயே இதே வித்தையைச் செய்ய அலுமினியம் ஹைட்ராக்சைடு போடுவார்கள், அது 200 டிகிரி வாக்கில் தண்ணீரை விடும், மக்னீசியம் ஹைட்ராக்சைடு 300-ஐத் தாண்டித்தான் விடும். இரண்டும் சாது, ஆனால் பலன் தெரிய எடையில் பாதிக்கு மேல்கூடப் போடவேண்டி வரும், அப்புறம் அது பெயிண்ட்டா காரையா என்று பெயிண்டர் கேட்பார்.

சோடியம் சிலிகேட்டை, அதாவது நீர்க்கண்ணாடியைப் பற்றியும் மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். சூட்டில் அழகாக உப்பும், எரியாது, மலிவு. காற்றிலிருக்கும் கரியமில வாயுவும் ஈரமும் பட்டுப் பட்டு நாளடைவில் வெளுத்து, வெடித்து, உப்பும் குணத்தை இழந்துவிடும். களிமண் துகள் சேர்த்து, நல்ல மேல்பூச்சு போட்டு ஆயுளை நீட்டப் பார்க்கிறார்கள்.

கே: லைட்டர் வைத்துப் பார்த்தேன், என் பூச்சு பற்றவில்லை. ஜெயித்துவிட்டேனா? (வீட்டிலேயே பூச்சு தயாரித்த இளைஞர்)

லைட்டர் சுடர் விரல்நுனி அளவு, அறை எரிவது வேறு சமாசாரம். தீச்சோதனை உலையை எப்படிச் சூடேற்றவேண்டும் என்று சொல்லும் ஐஎஸ்ஓ 834 வெப்ப வளைவில் உலை அரை மணியில் 842 டிகிரி, ஒரு மணியில் 945 டிகிரி. கோன் கலோரிமீட்டர் என்ற எரிப்புச் சோதனைக் கருவியில் பத்து செ.மீ. சதுரத் துண்டின்மேல் பெரும்பாலும் சதுர மீட்டருக்கு 50 கிலோவாட் வெப்பத்தைக் காட்டுவார்கள், எப்போது பற்றியது, எவ்வளவு வேகத்தில் வெப்பம் விட்டது, எவ்வளவு புகை என்று எல்லாம் தெரியும். புகையைக் கட்டாயம் பாருங்கள், தீ விபத்தில் பலரைக் கொல்வது சுடரைவிடப் புகைதான், சில பூச்சுகள் சுடரை அடக்கிவிட்டுப் புகையைக் கூட்டிவிடும். பக்கத்தில் ஏதாவது கல்லூரி ஆய்வகத்தில் இந்தக் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். போகும்போது ஒரே கலவையில் இரண்டு துண்டு எடுத்துப் போங்கள், ஒன்று புதுசு, ஒன்று ஒரு மாதம் தினமும் ஈரத்துணியால் துடைத்தது. இரண்டாவது துண்டின் வரைபடத்தை எனக்கு அனுப்புங்கள், முதலாவது வேண்டாம்.